ஆமிக்காணியில் ஒரு கொட்டில்

லிட்கம்,
ஆடி, 1978.

அன்புள்ள ஐயாவுக்கு,

மகன் குகதாசன் வணக்கத்தோட எழுதுறன். உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் நல்ல சுகம்.

இஞ்ச ஒரு பகிடி நடந்தது. கடற்கரையில பட்டாளம் வைச்சிருந்த ஆமிக்காணியைக் கன்பராவில இருக்கிற மத்திய அரசாங்கம் மாநிலத்துக்குக் குடுக்கப்போகுது. வருசக்கணக்காச் சண்டை பிடிச்சு இப்பதான் இணங்கினவை. நில அளவைக்காரன் எண்டு நான் அளக்கப் போனால், நடுவில ஒரு தகரக் கொட்டில். உள்ள இந்த நாட்டுப் பழங்குடிக் கிழவர் ஒராள். அவரை அங்கயிருந்து எழுப்பி அனுப்புறது ஆர்? அது மாநிலத்தின்ர வேலை எண்டு கன்பராக்காரர் சொல்லிச்சினம். மாநிலக்காரர் கன்பராவைக் காட்டிச்சினம். கடைசியில ரெண்டு பகுதியும் என்ர முகத்தைப் பார்த்துது.

“நீ போய்ச் சொல்லு. அவனும் உன்ர நிறந்தானே, கேப்பான்” எண்டிச்சினம்.

போய்ச் சொன்னன்.

“உன்னை எங்கயிருந்து கலைச்சவங்கள்?” எண்டு கேட்டார்.

“ஒருத்தரும் கலைக்கேல்லை. நானாத்தான் வந்தனான்.”

அவர் கேத்திலையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு போயிட்டார். கொட்டிலைப் பிரிச்சம். வெறுங்காணி எண்டு படத்தில கீறிக் குடுத்தன்.

அம்மாட்டைச் சொல்லி மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. நீங்களும் கொஞ்சம் கூட எழுதுங்கோ, ஐயா. ரெண்டு வரி காணாது.

வேலைக்குக் கூட்டிப்போற வாகனம் வந்திட்டுது. எங்கட ஒபிஸ் பெரியவருக்கு என்னில நல்ல சந்தோசம். இன்னும் கன காணியளில கொட்டில் இருக்காம். எல்லாத்துக்கும் என்னைத்தான் அனுப்புவாராம்.

குகன்