சம்மந்தி வீட்டுத் தங்கமீன்

தாராவி,
14.9.86

என் அன்பு மகள் சாயிராவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் உடம்பில் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல் இருப்பதாக உன் கைப்பட எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உடம்பில் குறைவில்லை என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றி இனிமேல்தான் எழுதப் போகிறேன். உனக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் எழுத்துக் கூட்டி நீயே படி, மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடாதே. அவருடைய உம்மாவைப் பற்றி இதில் நிறைய இருக்கிறது.

நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் செம்பூர் போயிருந்தோம். உன் மாமியார் அக்தர் பானு சலாம் சொன்னாளோ இல்லையோ, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி முன்னால் நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை போன லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்ததாம், நீ எனக்கு அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நம் டிரங்குப் பெட்டியைவிட நீளமான தொட்டி, அடியில் கூழாங்கல், மேலே டியூப் லைட், குமிழி விடுகிற காற்று மோட்டார், உள்ளே இரண்டு தங்கமீன் வாலைத் துப்பட்டா மாதிரி இழுத்துக்கொண்டு திரிகின்றன. அழகுதான், பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்ததால்தான் எனக்கு வயிறு எரிந்தது. எரிகிற நேரம் பார்த்து அவள் சொல்கிறாள், சாயிரா பிரசவத்துக்கு இங்கேயே வந்து இருக்கட்டும் மதினி, தாராவியில் மழைத்தண்ணீரும் கொசுவும், இங்கே காற்றும் வெளிச்சமும் இருக்கிறது, மீனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள் என்று. உனக்கும் எழுதிவிட்டாளாம், நீயும் “பார்க்கலாம் மாமி” என்று பதில் போட்டாயாம். தலைப்பிரசவம் மகளே, அதற்கு உம்மா வீட்டை விட்டுவிட்டு வேறு எங்கே என்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அன்றைக்கு அவள் வைத்த பிரியாணியில் கறி ரப்பர் மாதிரி இருந்தது, வாப்பா மட்டும் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மறு வாரமே நான் கிராபர்டு மார்க்கெட் போனேன். மீன்காரன், வீட்டில் எவ்வளவு பெரிய தொட்டி இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டான், நானும் சப் ஹை, எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அவனிடம் போய் இல்லை என்று சொல்வதற்கு எனக்கு என்ன தலைவிதியா. உருண்டையான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றும் இரண்டு தங்கமீனும் வாங்கினேன். வி.டி. ஸ்டேஷனிலிருந்து சயான் வரைக்கும் ரயிலில் லேடீஸ் டப்பாவில் அந்த மீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன், உன்னைக்கூட அப்படிப் பொத்திக்கொண்டு வந்திருக்க மாட்டேன். இரண்டு மீனும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல, பாவம் என்று நினைத்து ரொட்டியும் சோற்றுப் பருக்கையும் போட்டுக்கொண்டே இருந்தேன். சம்மந்தி வீட்டு மீனைவிட நம் மீன் கொழுகொழு என்று இருக்க வேண்டும் என்ற ஆசை வேறு. காலையில் பைப்பில் தண்ணீர் வந்ததும் கிண்ணத்தைச் சுத்தமாகக் கழுவி முழுத் தண்ணீரையும் மாற்றுவேன். இவ்வளவு கவனித்தும் ஒரு வாரம் முழுசாகவில்லை, ஒன்று வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

உன் வாப்பா சும்மா இருந்திருக்கலாம். ஜும்ஆ தொழுகைக்குப் போன இடத்தில் உன் மாமனாரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், சாயங்காலமே அக்தர் பானு டாக்ஸி பிடித்து வந்துவிட்டாள். வந்தவள் என்னைக் குறை சொன்னாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அதுவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவளும் முதலில் இதே தப்பைச் செய்து மீனைச் சாகக் கொடுத்தவளாம். மேலே வந்து வாயைத் திறப்பது பசிக்கு இல்லையாம், தண்ணீரில் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுகிறதாம். தங்கமீன் ஒரு சாண் வரைக்கும் வளருமாம், மற்ற மீன்களைவிட அதிகமாக அசுத்தம் பண்ணுமாம், அதனால் கிண்ணத்தில் அதற்கு வாழ்க்கையே இல்லை, இரண்டு மீன் என்றால் மூன்றடித் தொட்டியாவது வேண்டுமாம். பைப்புத் தண்ணீரில் மருந்து இருக்கிறது, அதை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், முழுசாக மாற்றாமல் வாரம் ஒரு தடவை கால்வாசி மாற்றினால் போதும், தீனி இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்குத்தான். அவள் சொன்னது எல்லாம் சரி மகளே. சரியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அவளைவிட ஒரு விரல்கூடக் குறையக் கூடாது என்று அதே மூன்றடித் தொட்டியை வாப்பாவை வாங்க வைத்தேன். அவர் பட்டறையில் பர்ஸ் தைக்கிற ஆட்கள் நாலு பேர் சந்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நம் சால் வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள், மனசுக்கு நிறைவாக இருந்தது. நம் டிரம்மில் எப்போதும் முந்தின நாள் தண்ணீர்தானே இருக்கும், அந்த ஒரு விஷயத்தில் செம்பூரைவிட நாம் மேல். தொட்டியும் தண்ணீரும் பழகட்டும் என்று சில வாரம் மோட்டாரை ஓட விட்டு, அதுவரை மிச்சமிருந்த மீனைத் துணி துவைக்கிற பெரிய டப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கி விட்டேன். மழையில் கரண்ட் போகும்போதெல்லாம் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றுவேன், அப்படி ஊற்றினால் காற்றுச் சேரும் என்று அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மீனும் சாகவில்லை. நிறம் ஏறி, என் நிழல் விழுந்தாலே கண்ணாடிப் பக்கம் ஓடி வருகிற அளவுக்குப் பழகிவிட்டன.

இப்போது கேள். தண்ணீரோடு அந்தத் தொட்டி இரண்டு ஆள் கனம், மேலே மாளாப் பரணில் வைத்தால் பலகை உடைந்து தலையில் விழும், வாசல் பக்கம் வெயில், அடுப்புப் பக்கம் புகை. பிளக்கும் இருந்து வெயிலும் படாத சுவர் நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், நீ கல்யாணத்துக்கு முன்னால் கட்டில் போட்டுப் படுத்திருந்த சுவர். கட்டிலை மடக்கி வாப்பா பட்டறைக்கு அனுப்பிவிட்டுத் தொட்டியை அங்கே நிறுத்தினேன். அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நம் வீட்டிலும் மீன் இருக்கிறது என்று செம்பூருக்குக் காட்டுவதிலேயே என் புத்தி நின்றுவிட்டது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்களை இங்கே அழைத்தேன், விருந்துக்கு என்று பேர், தொட்டியைக் காட்டத்தான் அழைத்தேன். அக்தர் பானு வந்து குனிந்து நின்று வெகு நேரம் பார்த்தாள். தன் மீனைவிட இதற்குத்தான் நிறம் அதிகம் என்று மனசாரச் சொன்னாள், அதைக் கேட்க எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா. பிறகு நிமிர்ந்து, நம் வீட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள், “தொட்டி நல்லாத்தான் இருக்கு மதினி, சாயிரா வந்தா எங்க படுப்பா?”

வாப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். உன் பிரசவத்தை அவளிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வீம்பு பிடித்து, நீ படுக்கிற ஒரே இடத்தில் நானே தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்தப் பம்பாயில் இருப்பாளா? அவர்கள் போன பிறகு அந்த மீனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, பாவம், அது என்ன செய்யும்.

கிண்ணத்தில் திருப்பிப் போடவும் மனசு வரவில்லை, அதில் செத்துப்போகும் என்று தெரிந்த பிறகு எப்படிப் போடுவது. இரண்டு நாள் முந்தி நானே பையில் தண்ணீரோடு இரண்டையும் எடுத்துக்கொண்டு செம்பூர் போனேன். பின்னாலேயே டெம்போவில் தொட்டியையும் வாப்பா கொண்டுவந்தார். வேறு யார் வீட்டில் இதற்கு இடம் இருக்கிறது? அவள் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, தன் தொட்டிக்குப் பக்கத்திலேயே அதையும் போட வைத்தாள், நம் தண்ணீரிலேயே கொஞ்சம் கேனில் கொண்டுபோயிருந்தேன், அதையும் ஊற்றி மீனை விட்டோம். வாயை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன், மீனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பிரசவத்தை எனக்கு விட்டுவிடுங்கள் என்று. அவள் கோபப்படவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, “அதை சாயிராதான் சொல்லணும் மதினி” என்று மட்டும் சொன்னாள். நேற்று மறுபடி பார்க்கப் போனேன். அவள் கை தண்ணீருக்கு மேலே வந்ததும் என் மீன் இரண்டும் ஓடி வந்து தின்னுகின்றன, நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பக்கத்தில் இருந்த பொம்பளை யார் வீட்டில் மவுத்து என்று கேட்டாள்.

நம் சுவர் இப்போது காலியாக இருக்கிறது. கட்டில் திரும்ப வந்துவிட்டது, சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குக் கொசு வலையும் அடிக்கச் சொல்லிவிட்டேன். இங்கே லைட் போட்ட தொட்டி இல்லை, செம்பூர்க் காற்று இல்லை, நீ படுத்துக்கொண்டு பார்ப்பதற்கு உன் உம்மா முகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மீனுக்கு யார் கை தீனி போட்டாலும் ஒன்றுதான், அதை நான் பொறுத்துக்கொள்வேன். நீயும் அப்படி இருந்துவிடாதே மகளே, அதைப் பொறுக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஏழாம் மாதம் முடிவதற்குள் புறப்பட வேண்டும், பிறகு விமானத்தில் ஏற்ற யோசிப்பார்களாம். குடத்தைத் தூக்காதே, நின்றுகொண்டே சமைக்காதே, பால் குடிக்கக் குமட்டினால் கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடி. அல்லாஹ் உனக்கும் உன் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் சுகமும் தருவானாக, மாப்பிள்ளைக்கு என் சலாம். எங்கே வருகிறாய் என்ற பதிலை முதலில் எனக்குப் போடு, செம்பூருக்கு மறுநாள் போட்டால் போதும்.

உன்னைப் பெற்ற உம்மா,
சைனப்