நீர்கொழும்பில் இரண்டு அறை

செப். 4, வியாழன்

கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. நூலகத்து யன்னல்கள் எல்லாம் பூட்டியும் மேசை முழுக்கத் தூசி. பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும். புதுப் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

மத்தியானம் இவருடைய போன் கோல். நீர்கொழும்பில் வீடு கிடைத்திருக்கிறதாம். கடலோடு சேர்ந்த களப்புக் கரையில். இரண்டு அறை, குசினி, பின்னால் கிணறு.

"இனி நீ வரலாம்."

கையில் இருந்த இலக்கத்தைப் புத்தகத்தில் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

"கேக்குதோ?"

"ஓம், கேக்குது."

"வந்து ஒருக்காப் பார். பிறகு சொல்லு."

எத்தனை காலமாக இந்தக் கதைக்குக் காத்திருந்தேன். கலியாணம் கட்டி இரண்டாம் வருடமே இவர் அங்கே போய்விட்டார். மீன் வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் இடத்தில் வேலை. மாதம் ஒருக்கா வருவார், சில மாதம் அதுவும் இல்லை. பின்னேரங்களில் கொழும்புப் பக்கமிருந்து வரும் பஸ் எங்கள் சந்தியில் நிற்கும் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும். இவர் வரும் நாள் இல்லை என்று தெரியும். இருந்தாலும்.

ஆனால் நான் காத்திருந்தது இந்தக் கதைக்கில்லை. "நான் வாறன்" என்ற கதைக்கு. "நீ வா" என்பதற்கில்லை.

கடையில் வாங்க வேண்டியது: சீனி, அப்பாவின் பிரஷர் குளிசை, தேங்காய் எண்ணெய். குளிசை மறந்து போச்சு.

செப். 5, வெள்ளி

நூலகப் பொறுப்பாளர் மாலா அக்காவிடம் மட்டும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தா.

"உமக்கென்ன விசரோ? நிரந்தர நியமனம், பென்சன். இதுக்காக அரசாங்கக் கச்சேரி வாசல்ல வெயிலுக்க நிண்டது மறந்து போச்சோ?"

"மறக்கேல்லை அக்கா."

"அப்ப அவரை வரச் சொல்லும்."

அதைத்தானே இவ்வளவு காலமும் சொன்னேன்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் பேத்தி கிளிநொச்சியில் அரசாங்க வேலை பார்க்கிறாள் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிற மனுசன். கலவரத்துக்குப் பிறகு மலையில் இருந்து இறங்கி வந்தபோது அவர் சின்னப் பொடியன். காடு வெட்டிக் குடியிருந்த காணி இது. சண்டைக்குள் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து, கூரை போட்டு, கிணறு இறைத்து. நான் என்னடாவென்றால் சும்மா எழும்பிப் போகிறேன் என்கிறேன்.

இன்னும் சொல்லவில்லைதானே. யோசிக்கிறேன்.

செப். 8, திங்கள்

இரண்டு நாள் எழுதவில்லை. தலையிடி.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். போய்ப் பார்க்கத்தான். அப்பாவுக்குச் சொன்னது: "இவருக்குக் காய்ச்சல், பாத்திட்டு வாறன்." பொய். அப்பா தேசிக்காய் பிடுங்கித் தந்தார், கரைத்துக் குடித்தால் காய்ச்சலுக்கு நல்லதாம். பையில் வைத்தேன். வெட்கமாக இருந்தது.

செப். 12, வெள்ளி. நீர்கொழும்பு

காலை பஸ். வவுனியா வரை நித்திரை. புத்தளம் தாண்டியதும் தென்னை, தென்னை, தென்னை. பக்கத்துச் சீட் அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டா, சிரித்துச் சமாளித்தேன்.

இவர் பஸ் நிலையத்தில் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அப்பாவின் தேசிக்காயைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு என்ன வருத்தம் எண்டு சொன்னனீ?" என்று கேட்டார். "காய்ச்சல்" என்றேன். என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார், பார் சுடுகுதோ என்று. பஸ் நிலையத்தில் வைத்து. நாலு பேர் பார்க்க.

வீடு சின்னன். சுத்தம். யன்னலைத் திறந்தால் களப்பும் வள்ளங்களும் மீன் மணமும். வீட்டுக்காரி மெர்சி அன்ரி முன் வீட்டில். பாதித் தமிழ், பாதிச் சிங்களம். என்னைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "மெலிவு" என்றா. பிறகு ஒரு கோப்பை பாயசம் கொண்டு வந்து தந்தா.

கிணற்றுத் தண்ணீர் உப்புத்தான். குடிக்கக் குழாய்த் தண்ணீர்.

செப். 13, சனி

இன்று நடந்ததை மறக்க முதல் எழுத வேண்டும்.

விடிய வேலைக்குப் போனவர் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டார். மெர்சி அன்ரி வழி சொன்னா, எடுத்துக்கொண்டு போனேன். மீன் ஏலம் போடும் இடம். ஈரம், கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம். தேடினேன்.

ஒரு பெட்டிக்கு மேல் நின்றார். சுற்றிவர ஏழெட்டு ஆண்கள். சிங்களத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கையை விரித்து, யாரோ தடுமாறி விழுவது போல நடித்து. எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். தலையைப் பின்னால் எறிந்து, வாய் நிறைய.

நான் தூணோடு நின்றுவிட்டேன்.

இந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் இவர் பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருப்பார். கேட்டால் "ம்". சாப்பாடு நல்லாயிருக்கோ, "ம்". கதை குறைந்த ஆள் என்றுதான் நினைத்தேன். நல்ல மனுசன், அமைதியான மனுசன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆட்களில் எனக்குப் பொறாமை வந்தது. உண்மையாகவே.

என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். "என்ன சொன்னனீங்கள், எல்லாரும் சிரிச்சவை?" என்று கேட்டேன். விளங்கப்படுத்தினார். முதலாளி ஒருவர் ஐஸில் வழுக்கியது. தமிழில் அவ்வளவு சிரிப்பாக இல்லை.

பின்னேரம் களப்புக் கரையில் இருந்தோம். கேட்டுவிட்டேன்.

"கிளிநொச்சிக்குத் திரும்பி வாற எண்ணம் இருக்கோ?"

வள்ளம் ஒன்று கடந்து போனது.

"இல்லை."

"முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அழுவாய் எண்டு நினைச்சன்."

"இப்ப அழேல்லைத்தானே."

"அங்க நான் உங்கட வீட்டு விருந்தாளி மாதிரி. உன்ர அப்பா நல்ல மனுசன், அவரில பிழை இல்லை. எனக்குக் கடல் வேணும். எங்கட முல்லைத்தீவுக் கடலுக்கு என்னால போக ஏலாது. உனக்குத் தெரியும்."

தெரியும். இவர் சொன்னதில்லை, ஆனாலும் தெரியும். கடைசிச் சண்டையில் அந்தக் கரையில் யார் யாரை விட்டுவிட்டு வந்தார் என்று இவருடைய அக்கா சொல்லியிருக்கிறா.

அழுகை பிறகுதான் வந்தது, பாத்திரம் கழுவும்போது. நான் வேறொரு ஆளுக்குக் காத்திருந்திருக்கிறேன். வந்து பின் விறாந்தையில் இருக்கப் போகிற அந்த அமைதியான ஆளுக்கு.

செப். 14, ஞாயிறு

தேவாலயத்துக்குப் பூசைக்குக் கூட்டிப் போனார். கடைசி வாங்கில் இருந்தேன். எல்லாரும் எழும்பும்போது நான் பிந்தி எழும்பினேன், இருக்கும்போது பிந்தி இருந்தேன். ஒரு பாட்டு சிங்களம், ஒன்று தமிழ். இவர் இரண்டையும் பாடினார்.

நான் இங்கே வந்தால் விருந்தாளி நான்தான். யாரோ ஒருவர் விருந்தாளியாக இருக்கத்தான் வேண்டும் போல.

பஸ். இவர் யன்னலுக்கு வெளியே நின்று கை காட்டவில்லை. பஸ்ஸோடு கொஞ்சத் தூரம் நடந்து வந்தார்.

செப். 16, செவ்வாய்

நீர்கொழும்புக்குப் போகப் போகிறேன் என்று அப்பாவுக்குச் சொன்னேன். காய்ச்சல் பொய் என்பதையும்.

"வேலைய விட்டுட்டா போகப் போற?"

"ஓம் அப்பா."

அப்பாவுக்கு இன்னும் மலைப் பேச்சுத்தான். கோபம் வந்தால் கூடும். "எங்க ஆளுங்கள்ல எத்தன பேருக்கு இந்த வேல கெடச்சிச்சு? ஒன்னய யாரு போகச் சொன்னா? அவனா?"

"அவர் வந்து பார் எண்டுதான் சொன்னவர். போகப் போறது நான்."

எழும்பி பின் வளவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பாடும் அங்கேதான். அண்ணி வேலிக்கு மேலால் கை காட்டினா, விடு, தணியட்டும் என்று.

மாலா அக்கா சொன்னா, சம்பளமில்லா லீவு ஒரு வருடத்துக்குக் கேட்டுப் பாரும், வேலை கையில் இருக்கும். நல்ல யோசனை. ஆனால் ஒரு கால் இங்கே வைத்துக்கொண்டு போய் இருப்பதா? இவரும் அப்படித்தானே இங்கே இருந்தார்.

செப். 18, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. சரியான புழுக்கம்.

அப்பா இரண்டு நாளாக முகம் பார்க்கவில்லை. இன்று பின்னேரம் நான் உடுப்புக் காயப் போடும்போது வந்து கிணற்றுக் கட்டில் இருந்தார்.

"அங்க தண்ணி எப்புடி?"

"உப்பு அப்பா. குடிக்கக் குழாய்த் தண்ணி வரும்."

"தேத்தண்ணி நல்லா இருக்காதே."

"ஓம். அவ்வளவு நல்லா இல்லை."

வாளிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு, "போனா கொழாத் தண்ணிய ஒரு நா வச்சு எடு. மருந்து நாத்தம் போவும்."

போனால் என்றார். போகாதே என்று சொல்லவில்லை. ஈரத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா பார்க்காத மாதிரி எழும்பிப் போனார்.

செப். 19, வெள்ளி

மாலா அக்காவிடம் விலகல் கடிதம் கொடுத்தேன். வாங்காமல் கன நேரம் என்னைப் பார்த்தா. பிறகு வாங்கினா. "பைத்தியம்" என்றா, மெதுவாக. மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதி எனக்குப் போட்டா.

பத்திரிகைப் பெரியவர் கேட்டார், "பிள்ளை, ஏன் இண்டைக்குச் செய்திக்கு ரேடியோ போடேல்லை?" மறந்தே போனேன்.

நூலகம் பூட்டிவிட்டு வாசலில் நின்றே இவருக்குக் கோல் எடுத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். ஆண்களின் சத்தம், சிரிப்பு.

"கொஞ்சம் பொறு, தள்ளிப் போய்க் கதைக்கிறன்." குரல் அப்போதே மாறத் தொடங்கிவிட்டது, எங்கள் வீட்டுக் குரலாக.

"தள்ளிப் போகாதேங்கோ. அங்கயே நிண்டு கதையுங்கோ."

"ஏன்? இஞ்ச ஒண்டும் கேக்காது."

"எனக்குக் கேக்குது. நான் வாறன்."

"என்ன?"

"வாறன் எண்டனான். வீட்டை எடுங்கோ."

யாருக்கோ சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. யாரோ விசில் அடித்தார்கள். பிறகு இவர் சிரித்தார், வாய் நிறைய, என் காதுக்குள்.