பெருங்காய டப்பாவில் கோதுமை

இல்லை அக்கா, இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. அந்தப் படிவம் அகராதிக்குள் இருக்கிறது. மடித்தது மடித்தபடி.

இன்று காலை பொத்தேரி வாடகை அறையில் ரசம் வைக்கும்போது புதுப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனையில் நம் அடுக்களை அப்படியே வந்து நின்றது. சும்மா டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கம், எறும்பு எழுத்தில்: கோதுமை மாவு.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு வயிறு கெட்ட நாளெல்லாம் அம்மா பிரெட் கொடுத்தாள். நான் எட்டாவது, நீ பிளஸ் டூ. நம் குடியிருப்பில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதுதான். பார்க்க வருகிறவர்களும் பிரெட் பாக்கெட்டோடுதான் வருவார்கள். சூடான பாலில் தோய்த்து, "லேசா இருக்கும்டி, ரெண்டு துண்டு சாப்பிடு" என்பாள். சாப்பிடுவாய். மறுபடி வயிற்றுப்போக்கு. மறுபடி பிரெட்.

ரத்தசோகை என்று மாத்திரை. பூச்சி என்று மருந்து. எட்டு வருடம். நீ வேலைக்குப் போய், முடியாமல் அதை விட்ட பிறகுதான், சென்னையில் ஒரு மருத்துவர் குடலில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்துச் சொன்னார். சீலியாக். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் உள்ளே போனால் உன் உடம்பே உன் குடலை அரிக்கிறது.

அன்று அம்மா ரவை, மைதா, கோதுமை எல்லா டப்பாக்களையும் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். அழவில்லை. பெருங்காயத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. தினமும் ரசத்தில் ஒரு சிட்டிகை. அது என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

மாமல்லபுரம் போனோமே, கோதுமையை நிறுத்திய மூன்றாம் மாதம். உன் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. கடற்கரையில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த கடைக்காரம்மாவிடம் கேட்டாய்.

"இதுல மைதா தடவுவீங்களாம்மா? கோதுமை எனக்கு ஒத்துக்காது."

"மைதா இன்னாத்துக்கு? வெறும் மொளகாத்தூளு, உப்பு. எங்க வூட்டுல சோத்த வுட்டா வேற இன்னா கீது? எனுக்குப் பொறந்திருந்தா உனுக்கு இந்த நோவே தெரிஞ்சிருக்காது, போ."

சிரித்ததில் உனக்குப் புரையேறியது. "டாக்டருங்க எட்டு வருஷம் தேடினாங்க. இவங்க ஒரே வஞ்சிரத்துல முடிச்சுட்டாங்கடி" என்றாய்.

மீன் தீர்ந்ததும் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாய், என் ரத்தத்தைப் பரிசோதிக்க மருத்துவர் கொடுத்தது. மருத்துவர் விளக்கியதை எனக்கு விளக்கினாய். இந்த நோய்க்கு மரபணுவில் ஓர் அடையாளம் உண்டு. உன் ரத்தத்தில் இருந்ததன் பெயர் டிக்யூ 2. கூடப்பிறந்தவளுக்கும் இருக்கலாம். இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை. எத்தனையோ பேர் அதைச் சுமந்துகொண்டே சப்பாத்தி சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதுவும் அதன் ஜோடியான டிக்யூ 8-உம் இல்லை என்றால், அநேகமாகப் பயமே வேண்டாம்.

"உனக்கு இல்லைன்னு ஒரு தாள்ல பார்த்துட்டா போதும்டி எனக்கு."

"அடுத்த வாரம் போலாம்க்கா. பரீட்சை இருக்கு."

"உனக்கு எப்பவும் பரீட்சை."

பரீட்சை இல்லை அக்கா. பயம். உன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வளையலைப் போட்டால் அது முழங்கை வரை ஏறும். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு திருப்போரூர் பஸ் பிடித்து விடுதிக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும். அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலை உன் உடம்பு தாங்கவில்லை.

இப்போது இருப்பது வேறு பயம். அன்று, இருக்கிறது என்று வந்துவிடுமோ என்று பயந்தேன். இன்று, இல்லை என்று வந்துவிட்டால்?

உன் மூக்கு அப்பாவுடையது. என்னுடையது அம்மாவுடையது. உன் செருப்பு எனக்குப் பெரிது. உன் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. நாம் ஓரிடத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு என் ரத்தத்திலாவது ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கேட்டால் தலையில் குட்டுவாய். நீ ஆசைப்பட்டது இதற்கு நேர் எதிரானது.

இதுவரை எழுதிவிட்டு அகராதியைத் திறந்தேன். படிவத்தைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. எல்லாம் உன் கையெழுத்து. என் பெயர். என் வயது. நோயாளிக்கு உறவு: தங்கை. தேதியை மட்டும் எனக்காக விட்டுவைத்திருக்கிறாய்.

வயதை அடித்துத் திருத்தினேன். தேதி எழுதினேன். செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினேன். பரிசோதனை நிலையத்துப் பெண் படிவத்தைப் படித்துவிட்டு, "பேஷன்ட் கூட வரலையா?" என்று கேட்டாள்.

"அவங்க முன்னாடியே குடுத்துட்டாங்க" என்றேன்.

இடது கையை நீட்டினேன்.