மாரியிட்டை இருந்து வெட்டின கடைசிப் பக்கம்

19.2.80 செவ்வாய்

காலமை சரியான பனி. முகம் கழுவேல்லை. அக்கா, இந்தக் கொப்பியைத் திறந்தால் உனக்குக் கண்ணில் கட்டி வரும். எச்சரிக்கை முடிஞ்சுது.

மாரியை நேற்றுப் பின்னேரம் சுடலையில் தாட்டாச்சு.

மாரிமுத்து. பதினாறு வயது, என்னிலும் ஒண்டு கூட. எங்கடை முரசுமோட்டைதான். வாய்க்கால் கரையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த ஆக்களின்ரை குடிசைகள் இருக்கிற பக்கம். ஞாயிறு எங்கடை வயலில் கதிர் அறுக்கேக்கை புடையன் பாம்பு கடிச்சது. உழவு மெசினில் ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. விடியப் போயிட்டான்.

அப்பா ரெண்டு நாளாய்ச் சாப்பாட்டில் கை வைக்கேல்லை. குசினியில் அம்மாவுக்குச் சொன்னது கேட்டது: "ஞாயிறு எண்டால் எவ்வளவு கேட்டாலும் வராத பெடியன். இந்த ஞாயிறு தானா வந்து நிண்டான். ஏன் வந்தவன்? நான் ஏன் அவனை இறக்கினனான்?"

ஏன் வந்தவன் எண்டு எனக்குத் தெரியும்.

20.2 புதன்

ரியூசன் போகேல்லை. வயித்துக்குத்து எண்டன். அம்மா வேப்பங்கொழுந்து அரைச்சுத் தந்தா. பொய்க்கு அளவான கைப்பு.

ஒழுங்காய் எழுதிப் பார்ப்பம்.

ஞாயிறுகளில் கிளிநொச்சி ரியூசன் கொட்டில் சும்மா கிடக்கும். அங்கைதான் எங்கடை மாத்துச் சந்தை. சித்திரக்கதைப் புத்தகம் வைச்சிருக்கிற பெடியள் கூடி, வாசிச்சதைக் குடுத்து வாசிக்காததை வாங்கிறது. வருசத்தில் ஒருக்கால் பெரிய சந்தை. வவுனியா, முல்லைத்தீவில் இருந்தும் வருவாங்கள். கொக்கிளாயில் இருந்து ஒருத்தன், கருவாட்டு மணத்தோடை. அவன்ரை புத்தகம் வாசிச்சால் சோறு கேக்கும்.

சட்டம் போட்டது சண்முகம் அண்ணை. சங்கக்கடையில் நிக்கிறவர். தன்னைத் தானே தலைவர் ஆக்கினவர்.

1. மேல் மட்டை இருந்தால் ஒண்டுக்கு ஒண்டு.
2. மட்டை இல்லாட்டி ரெண்டுக்கு ஒண்டு.
3. கடைசிப் பக்கம் கிழிச்சவன் கொட்டிலுக்கை கால் வைக்கப்படாது.

மூண்டாம் சட்டத்துக்கு மன்னிப்பு இல்லை. கொலைகாரன் ஆர் எண்டு கடைசிப் பக்கத்தில்தானே இருக்கும்.

10ஆந் திகதி பெரிய சந்தை. மாரியிட்டை ஒரு துப்பறியும் புத்தகம். மட்டையைக் கஞ்சிப் பசையால் ஒட்டிப் பிள்ளை மாதிரி வைச்சிருந்தான். வவுனியாப் பெடியன்ரை கலர்ப் புத்தகத்துக்கு மாத்த எண்டு ஒரு வருசம் காத்திருந்தவன். போற வழியில் என்ரை சைக்கிளுக்குக் காத்துப் போச்சு. வழக்கம் போல மாரிதான் இறங்கி அடிச்சான். அவன் குனிஞ்சு நிண்டு அடிக்கேக்கை, அவன் என்னட்டைப் பிடிக்கத் தந்த புத்தகத்தில், நான் பாதி பிளேட்டால் கடைசித் தாளை வெட்டிச் சேட்டுப் பொக்கற்றில் வைச்சன்.

திட்டம்: கடைசிப் பக்கம் இல்லை எண்டு வவுனியாப் பெடியன் கத்துவான், மாரி முழிப்பான், நான் அவன்ரை காதுக்குப் பின்னால் இருந்து பக்கத்தை எடுப்பன். எல்லாரும் சிரிக்கோணும்.

21.2 வியாழன்

அறுப்பு நேரத்தில் மழை. அப்பா வானத்தைக் கூட ஏசேல்லை.

மிச்சம்.

வவுனியாப் பெடியன் கத்தினான். மாரி முழிச்சான். நான் கையைப் பொக்கற்றுக்குக் கொண்டு போனன். அப்ப பின்னால் கிடந்த வாங்கில் இருந்து ஒரு குரல்: "தோட்டக்காட்டானைச் சேர்த்தால் இப்பிடித்தான்."

கொஞ்சப் பேர் சிரிச்சாங்கள். நான் சிரிக்க வைக்க நினைச்ச அதே ஆக்கள்.

சண்முகம் அண்ணை: "மாரி, புத்தகத்தை எடு. இனி இஞ்சை வராதை."

"நான் கிழிக்கலண்ணே. சத்தியமா."

இனி எடுத்தால் பகிடி என்ரை தலையில் விழும் எண்டு விளங்கிச்சு. கை பொக்கற்றிலேயே நிண்டிட்டுது. நாக்கும். ஊருக்கெல்லாம் பட்டம் வைக்கிற நாக்கு.

மாரி போக முந்தி ஒருக்கால் பார்த்தான். என்னை மட்டும். கோவமாயும் இல்லை.

அடுத்த ஞாயிறு சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த ஞாயிறு பக்கத்தோடை போனன். சண்முகம் அண்ணை ஊரில் இல்லை, கொட்டில் பூட்டு. அப்பாடா எண்டு இருந்தது. விசில் அடிச்சுக்கொண்டு திரும்பினன். அந்த நேரம், கொட்டிலுக்கு வரப்படாத அவன் எங்கடை வயலில்.

22.2 வெள்ளி

மறக்கப்படாதது:
– சண்டைப் படம் வந்தால் வாயால் சத்தம் போட்டு வாசிப்பான்.
– எச்சில் தொட்டுத் தாள் புரட்டினால் குட்டு.
– என்ரை பகிடிக்கு முதல் ஆளாய்ச் சிரிப்பான். மற்றவங்கள் விளங்கின பிறகு.
– "மாரி வந்தால்தான்ரா குளம் நிரம்பும்." காணுற நேரமெல்லாம் சொல்லுவன். காணுற நேரமெல்லாம் சிரிச்சான். அது அவ்வளவு நல்ல பகிடி இல்லை.

செருப்பு வார் அறுந்து போச்சு. தைக்கோணும்.

23.2 சனி

மாரி வீட்டை போனன். தாய் சுவரோடை இருந்தா. "வாங்க தம்பி" எண்டா. தங்கச்சி லெட்சுமி, பன்னிரண்டு வயது, தேத்தண்ணியும் அந்தப் புத்தகமும் கொண்டு வந்தாள்.

"அண்ணன் போன சனிக்கிழமயே சொல்லுச்சு, இத ஒங்ககிட்ட குடுக்கணும்னு."

"ஏன் என்னட்டை?"

"கடைசிப் பக்கம் ஒங்ககிட்டதான் இருக்காமே."

தேத்தண்ணி சுட்டது. பிடிச்ச கோப்பையை விடேல்லை.

"அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியுமாம். அப்ப ஏன் சொல்லலன்னு நானும் கேட்டேன். 'பகிடி அவனோடது, அவனேதான் முடிக்கணும். வந்து சொல்லிருவான் பாரு'ன்னு சிரிச்சிச்சு."

பிறகு கேட்டாள்: "கொலைகாரன் யாருண்ணே? அண்ணன் நெறய யோசிச்சிச்சு."

பக்கம் பொக்கற்றில்தான் கிடந்தது. நாளைக்குச் சொல்லுறன் எண்டன்.

திரும்பவும் நாளைக்கு.

24.2 ஞாயிறு

வெய்யில். சைக்கிளில் தனிய. கொட்டிலில் இருபது பேர் அளவில்.

சண்முகம் அண்ணை எழும்பினார். "மாரிக்கு ஒரு நிமிசம் எழும்பி நில்லுங்கோ. பிழை விட்டவன்தான், எண்டாலும் எங்கடை பெடியன்."

"பிழை விட்டது அவனில்லை" எண்டன். "நான்தான் வெட்டினனான்."

ஒருத்தன் சிரிச்சான். "டேய், செத்த வீட்டிலையும் பகிடியோ?"

ஒருத்தரும் நம்பேல்லை. இவ்வளவு காலமும் உழைச்சதுக்குப் பலன். புத்தகத்தை மேசையில் விரிச்சுப் பக்கத்தை வைச்சன். சண்முகம் அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தானே பொருத்திப் பார்த்தார். பிளேட் ஒரு இடத்தில் வளைஞ்சு வெட்டியிருந்தது. அந்த வளைவும் பொருந்திச்சு.

"அண்டைக்கு ஏன்ரா வாய் திறக்கேல்லை?"

"பயம் அண்ணை."

அண்டைக்குப் பின்னால் இருந்து குரல் விட்டவன் நிலத்தைப் பார்த்தான். நானும் அதே நிலத்தைத்தான் பார்த்தன்.

"மூண்டாம் சட்டம்" எண்டு நானே சொன்னன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேசையில் வைச்சார். புத்தகத்தையும் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வெளியில் வந்தன்.

சைக்கிள் காத்துப் போய்க் கிடந்தது. உருட்டினன். பரந்தனில் ஒருத்தர் பம்ப் தாறன் எண்டார். வேண்டாம் எண்டன். வாய்க்கால் கரையில் லெட்சுமி நிண்டாள். பக்கத்தை உள்ளுக்கை வைச்சுப் புத்தகத்தைக் குடுத்தன். வாங்கி, நேரே கடைசிப் பக்கத்தைத்தான் பிரிச்சாள்.

வீட்டு வாசல் படலையில் அப்பா. "ஏன்ரா, வெள்ளனத் திரும்பிட்டாய்?"

"அப்பா, மாரி ஏன் ஞாயிறு வந்தவன் எண்டு கேட்டனீங்களெல்லோ."