பிரித்துத் தைத்த பெல்ட்

பிப்ரவரி 3, செவ்வாய்

இவருக்குக் காலை மாத்திரை கொடுத்தாயிற்று. சிறுநீர் சிவப்பாய்ப் போவதைப் பார்த்து இன்றும் பயந்தார். "ரத்தம் இல்லைங்க, மாத்திரையோட நிறம்" என்று எத்தனை முறைதான் சொல்வது?

முதுகெலும்பில் காசநோய் வரும் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அரித்த எலும்பு கூடும்வரை முதுகு அசையக் கூடாது. அது சரிந்து நரம்பை அழுத்தினால் கால் போய்விடும். இப்போதே வலது காலில் பாதி உணர்ச்சி இல்லை. அதற்குத்தான் மார்பிலிருந்து இடுப்புவரை அந்த பெல்ட்.

இவருக்கோ அதன் மேல் தீராத கோபம். "இதைத் தைச்சவன் கையில கத்தரியே கொடுக்கக் கூடாது. அக்குள்ல குத்துது, வயித்துல பிடிக்குது. என் கடையில இப்படித் தைச்சிருந்தா மூஞ்சியில எறிஞ்சிருப்பாங்க."

ஊருக்கெல்லாம் அளவெடுத்த தையல்காரர். தன் உடம்பை வேறொருவன் அளவெடுத்தது பொறுக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

நாளெல்லாம் முனகல். வேலைக்குக் கிளம்பிய மகள் வாசலில் நின்று மிரட்டினாள்: "அப்பா, பெல்ட் இல்லாம எந்திரிச்சீங்கன்னா நான் லீவு போட்டு உக்காந்துடுவேன்." எந்திரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

முனகல் நின்றுவிட்டது! மத்தியானம் நன்றாகத் தூங்கினார். சாமிக்குக் கைகூப்பி நின்று அழுதேன். பைசா வந்தாலும் வரவு எழுதுகிறவள் நான். இதற்கு நன்றி சொல்லாமல் இருப்பேனா?

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் பெல்ட்டைக் கழற்றித் திருப்பினார். "இதை யாரு தொட்டது?"

இரண்டு பக்கமும் பிரித்து, துணி கொடுத்து, உள்ளே பஞ்சு வைத்து — தினம் மாட்டிவிடுகிற எனக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமான தையல். செய்தது எங்களோடேயே இருக்கும் நாத்தனார். தம்பியின் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற கை. இவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல, அக்கா தைத்திருக்கிறார். எப்போது? நான் இவர் வலி தீரப் பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரத்தில்!

"இது சட்டை இல்ல ஐயா. இறுக்கிப் பிடிக்கிறதுதான் இதோட வேலை" என்றார் டாக்டர். எலும்பு கொஞ்சம் சரிந்திருக்கிறது. மேலும் சரிந்தால் ஆபரேஷன். அப்போது காலுக்கு உத்தரவாதம் தர முடியாதாம். புது பெல்ட். மறுபடி முழுப் படுக்கை.

சாமி காது கொடுத்துக் கேட்டுவிட்டார் என்று நினைத்தேனே. கேட்டது நாத்தனார்.

மார்ச் 6, வெள்ளி

"தம்பி துடிக்கிறான், நான் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணுமா?" என்கிறார் நாத்தனார்.

"நான் மட்டும் என்ன அண்ணி, வேடிக்கையா பார்த்தேன்?"

இவர் கூரையைப் பார்த்தபடி, "அளவு தப்புன்னா திருத்தறதுதானே தொழில்?" என்றார்.

"கடையில இருக்கறது உங்க தொழில். உங்க முதுகு டாக்டரோட தொழில்!"

கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று பிரார்த்திக்கவில்லை. சாமிக்கும் தெரியட்டும் என் கோபம்.

மார்ச் 28, சனி

அக்குளில் தோல் உரிந்துவிட்டது. உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடலாமா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். போடலாம், பெல்ட்டைத் தொடாமல் இருந்தால் சரி என்றார். நாத்தனார் ஊசி எடுத்தார். "அக்கா, தையல் வெளிப்பக்கம் வரட்டும்" என்று இவர். தொடங்குமுன் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. எரிச்சல்தான் வந்தது. இந்த மரியாதை அன்றைக்கு எங்கே போயிருந்தது?

ஏப்ரல் 20, திங்கள்

சரிவு நின்றுவிட்டதாம். பெல்ட்டோடு பிடித்துக்கொண்டு நிற்கப் பழகலாமாம். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் தடவை நின்றதுமே வலது முட்டி மடங்கியது. நாத்தனாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். "மூட்டை மாதிரி தூக்காதீங்க!" என்று சீறினார்.

"மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கும்டா" என்றார் நாத்தனார்.

நெடுநாள் கழித்துச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

மே 6, புதன்

இன்றும் முட்டி மடங்கியது. இன்றும் சண்டை.

மே 19, செவ்வாய்

நடைச்சட்டத்தைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை. திரும்பி வர முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். "கடையை வித்துடலாம்" என்றார். மறுபடி சாமியிடம் வேண்டிக்கொண்டேன். கோபத்தோடுதான்.

ஜூன் 12, வெள்ளி

காலையிலிருந்தே ஒன்றும் சரியில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மகள் சாப்பாட்டை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். இவர் குளிக்க வெந்நீர் கொதித்தது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு இவர், ஒரு கை கதவு நிலையில்.

"சுடுதண்ணிங்க! வழியை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க!"

"கத்தாதே, நகர்றேன்" என்று முணுமுணுத்துச் சுவரோரம் ஒதுங்கினார்.

வாளியில் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் உறைத்தது. மகள் போயாயிற்று. நாத்தனார் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடைச்சட்டம் கட்டிலோரத்திலேயே இருந்தது.