சின்னத்துரையின் ஓடு இறுகிவிட்டது

அன்பான மச்சாளுக்கு,

சின்னத்துரையின் ஓடு இறுகிவிட்டது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. இன்று காலையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு சீறல் விட்டான். உங்கள் ஆமைக்குக் கோபம் வந்தால் இப்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நாளை உங்கள் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்க நினைத்த நினைவு மலர், கடதாசி கிடைக்காமல் ஒரு வருஷம் தள்ளிப்போய், இப்போது பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் வரப்போகிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்ததையும், வெள்ளத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனதையும் எல்லோரும் எழுதித் தந்திருக்கிறார்கள். கோப்பாயில் உங்கள் கையால் மருந்து குடிக்காத வீடு இல்லையே. நான் என்ன எழுத? உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, பதினாறு வருஷம் ஒரே அடுப்படியில் உங்களோடு முட்டுப்பட்டவள். எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஆமையின் கதைதான். வாசிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவன் வந்த நாள் நினைவிருக்கிறதா? மாட்டுக்கு வாங்கிய வைக்கோலை வண்டிலால் இறக்கும்போது கட்டுக்குள் இருந்து விழுந்தான். அரைச் சிரட்டைக்குள் அடங்குகிற அளவு. முதுகில் கட்டம் கட்டமாக மஞ்சள் நட்சத்திரங்கள். ஆமை வீட்டுக்குள் வந்தால் கூடாது என்று நான் விளக்குமாறோடு நின்றேன். நீங்கள் அவனைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு, "பரமேஸ், இவர் நடந்து வரேல்லை. வண்டில் பிடிச்சு வந்திருக்கிறார். விருந்தாளியை அடிச்சுக் கலைக்கிறதே?" என்றீர்கள். அன்றே பெயரும் வைத்தாயிற்று.

அதன்பிறகு அவனுக்கு நடந்த உபசாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒளிப்பானேன். தேயிலைப் பெட்டி ஒன்றில் மாளிகை. அதற்குள் நீங்கள் காய்ச்சல் பார்க்கும் தேமாமீற்றர் வேறு. எல்லாவற்றையும் பொறுத்தேன். என் அம்மியில் கணவாய் ஓடு அரைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சம்பலுக்குத் தேங்காய் அரைக்க வந்தால் அம்மி முழுக்க வெள்ளைத் தூளும் கடல் மணமும். மஞ்சள் தண்ணீர் ஊற்றி மூன்று தரம் கழுவினேன், நீங்கள் பார்க்கும்படியாகவே. பிறகு நான்கு நாள் உங்களோடு கதைக்கவில்லை.

நான்காம் நாள்தான் உங்களுக்கு நெஞ்சு நோவு வந்தது. உங்கள் தம்பி எங்கேயோ ஓடி ஒரு கார் பிடித்து வந்தார். ஏற முன் நீங்கள் அடுப்படி வாசலுக்கு வந்து, "பரமேஸ், நான் வருமட்டும் அவனை ஒருக்காப் பாரும்" என்றீர்கள். நான் திரும்பாமலே "ஓம்" என்றேன். வாய்வு என்று நினைத்தேன், மச்சாள். பின்னேரம் வந்துவிடுவீர்கள், அதுவரை என் கோபத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. துடக்குக் காத்த முப்பத்தொரு நாளும் அவனைப் பார்த்தேன்தான். எப்படிப் பார்த்தேன் என்பதைக் கேளுங்கள். சனம் நிறைந்த வீடு. யாராவது மிதித்துவிடுவார்கள் என்று பெட்டியை இருட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சோற்றை ஊறவைத்துப் போட்டேன். வாழைப்பழம் போட்டேன். பாவம் என்று ஒரு நாள் பசுப்பால்கூட வைத்தேன். தின்றான், ஆகவே சுகமாக இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வெயிலும் இலையும் இல்லாமல் அவன் ஓடு நனைந்த மட்டைபோல இளகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தால்தானே தெரிய?

கீரிமலைக்குப் போக வழி யுத்தத்தால் அடைபட்டுக் கிடந்ததால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை வேறொரு கடற்கரையில் முடித்தோம். துடக்குக் கழிந்ததும் வீடு கழுவி, உங்கள் தம்பி கிணற்றையும் இறைத்தார். இறைத்த கிணற்றில் புழு பூச்சி தின்ன மீனோ ஆமையோ விடுவது எங்கள் வழக்கம். "ஆமைக்கு என்னத்துக்குப் பெட்டி? கிணத்துக்கை விடும். தண்ணியும் துப்புரவாய்க் கிடக்கும்" என்றார் அவர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உள்ளதைச் சொன்னால், தொல்லை விட்டது என்றுதான் பட்டது.

வாளியில் வைத்து நானே இறக்கினேன்.

அவன் தரை ஆமை, நீந்தத் தெரியாது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! என் காதில் ஏறியதா? வாளி சரிந்ததும் நான்கு காலையும் அடித்தான். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே போனான். புதிதாக ஊறிய தெளிந்த தண்ணீர், இடுப்பளவுதான் இருக்கும். அவன் அடியில் போய்க் கிடந்தது மேலே நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாளியை மூன்று தரம் போட்டேன். மூன்றாம் தரம் ஏறினான். தலைகீழாகப் பிடித்தபோது மூக்காலும் வாயாலும் தண்ணீர் வந்தது.

உயிர் இருந்தது. ஆனால் மறுநாள் கண் திறக்கவில்லை. மூக்கில் குமிழி வந்தது. சளி பிடித்த குழந்தைபோல மூச்சு இழுத்தது. ஓட்டைத் தொட்டேன், விரல் அமுங்கியது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. வெயில் இல்லை. கரண்ட் போய் வருஷக்கணக்காகிறது. மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது. மாட்டு வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். அவர் பாவம், ஆமைக்கு மருந்து தான் கண்டதில்லை, சூடு கொடுத்துப் பாருங்கள் என்றார். எவ்வளவு சூடு என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் எப்படிக் கேட்பது?

அடுப்படியில் பெட்டிக்கு முன்னால் இருந்து யோசித்தேன். உங்களோடு நான் பிடித்த சண்டைகள்தான் உதவிக்கு வந்தன. என் அடுப்பில் ஏன் செங்கல் சுடுகிறீர்கள் என்று ஒருநாள் கத்தினேன் அல்லவா? அந்தச் செங்கலைச் சாக்கில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைப்பீர்கள். மற்றப் பக்கத்தைக் குளிர்ச்சியாக விட்டுவிட்டு, எந்தப் பக்கம் வேண்டும் என்று அவனே முடிவெடுக்கட்டும் என்பீர்கள். தேமாமீற்றர் எதற்கு என்று கேட்டதற்குச் சொன்னதும் ஞாபகம் வந்தது. உதறி இறக்கிய பாதரசம் கிடந்த இடத்தை விட்டு ஏறக் கூடாது, ஏறினால் சூடு கூடிவிட்டது. ஏறாமல், கைக்கு மட்டும் இளஞ்சூடு தெரிந்தால் சரி.

என் புட்டுச் சட்டிக்குள் ஏன் தேங்காய்த் தும்புத் தூளைக் குழைத்தீர்கள் என்பது அடுத்த சண்டை. "புட்டு மாப் பதந்தான் பரமேஸ், உமக்குத் தெரியாததே?" என்றீர்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அந்த ஈரத் தூளைக் குளிர்ந்த பக்கத்தில், கவிழ்த்துவைத்த உடைசல் சட்டிக்குக் கீழே பரப்ப வேண்டும். அதற்குமேல் நனைந்தால் சளி. ஒரேயடியாகக் காய்ந்தால் ஓடு கூம்பு கூம்பாக வளர்ந்துவிடும். ஆமை வளர்க்க வராத எனக்குப் புட்டு அவிக்க வரும். அந்தத் தைரியத்தில் தொடங்கினேன்.

சோற்றையும் பழத்தையும் நிறுத்தினேன். சாரணை, அறுகு, முருங்கை இலை எல்லாம் வளவிலேயே கிடந்தன. பொடியாக நறுக்கி வைத்தேன். தினமும் ஒரு தட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, முகம் நனையாமல் நாடிக்குக் கீழே நிற்கும் அளவில் கொஞ்ச நேரம் நிற்கவைத்தேன். தண்ணீர் குடித்தான். இலையைத் தொடவில்லை.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதும் நீங்கள் சொன்னதுதான். மீன் விற்கிற மனிசியிடம் சொல்லிவைத்துக் கணவாய் ஓடு வாங்கினேன். எங்கே அரைப்பது? அம்மிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குந்தியிருந்து அரைத்தேன். அன்று வெள்ளிக்கிழமையா என்றுகூடப் பார்க்கவில்லை.

உங்கள் தம்பி செங்கல் ஆற விடவில்லை. குண்டு போடப் பிளேன் வந்து சுற்றிய ஒருநாள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலில் பங்கருக்குள் பாய்ந்தவர் அவர்தான். பெண்சாதி பின்னால் வருகிறாளா என்று திரும்பியும் பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்க உள்ளே இறங்கினால், "இஞ்சை ஈரம் கூட, அவனுக்கு ஒத்துக்கொள்ளுமோ?" என்று என்னையே கேட்கிறார். கிணற்றில் விடச் சொன்ன வாய்தான் அது.

மார்கழி முடிய மழை விட்டது. காலை வெயிலில் பெட்டியை முற்றத்தில் வைத்து, பாதிக்கு ஓலை நிழல் போட்டேன். செவ்வரத்தம் பூ ஒன்றைப் பிய்த்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். ஒரு கண் திறந்தது. பிறகு மற்றக் கண். கழுத்தை நீட்டிப் பூவைக் கவ்வினான், மச்சாள். வாயெல்லாம் சிவப்பாக மென்றான். நான் அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். உங்கள் செத்தவீட்டில் எனக்கு அப்படி அழுகை வரவில்லை. வந்த சனத்துக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது முழுச் சிரட்டைக்குள்ளும் அடங்கமாட்டான். கட்டங்களுக்கு நடுவே வெளிர் கோடு ஓடுகிறது, புதிதாக வளர்கிற இடம் அது. சோளகக் காற்று அடித்து எல்லாம் காய்கிறபடியால் சட்டிக்குக் கீழே காலையும் மாலையும் பதம் பார்க்கிறேன். உங்கள் தேமாமீற்றர் உடையாமல் இருக்கிறது. நெஞ்சுக்குள் கிடந்த பாரம் இறங்கி, இரவில் எனக்கு நித்திரை வருகிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பக்கத்தில் தம்பி நின்றார். அவரிடம் சொல்லாமல், நாலு நாள் முகம் கொடுத்துக் கதைக்காத என்னிடம் ஏன் சொல்லிப் போனீர்கள்? கோபம் இருக்கவில்லையா? திரும்பிப் பார்த்திருந்தால் உங்கள் முகத்தில் கண்டிருப்பேன்.

நாளைப் படையலுக்கு அந்த அம்மியில்தான் அரைக்கப்போகிறேன். இப்போதெல்லாம் அதை வெறும் தண்ணீரில்தான் கழுவுகிறேன். ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தால் அம்மியைத் தூக்க முடியாது, விட்டுவிடுவேன். தேயிலைப் பெட்டியை விடமாட்டேன். அன்று உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதை, இன்று உங்கள் படத்துக்கு நேரே நின்று சொல்கிறேன்.

ஓம் மச்சாள். நான் அவனைப் பாக்கிறன்.

உங்களோடு ஒரே அடுப்பில் உலை வைத்த,
உங்கள் தம்பி பெண்சாதி
பரமேஸ்