கலெக்டரின் இரும்பு

12 ஜூன் 1986

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தும் ஊசியும் கையுமாகத்தான் அலைகிறேன். கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் உத்தரவு: பழவேற்காட்டு நாய்களின் ரத்தத்தில் ஃபெரிட்டின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இன்று கோட்டைக்குப்பம். படகுக்காரர் ஆதிகேசவன் அண்ணனின் நாய் கலெக்டர், ஊசி ஏறியும் முனகவில்லை. சாப்பிடுவதில்லையாம், படுத்தே கிடக்கிறதாம். எனக்கு மனசே சரியில்லை.

"இன்னா மஸூதாம்மா தேடறே ரத்தத்துல?" என்றார்.

"ஐஸ் பெட்டியில மீனைப் போட்டு வெக்கிறீங்கல்ல அண்ணே, அந்த மாதிரி உடம்பு இரும்பை ஒரு புரதத்துல போட்டு வெக்குது. அதான் ஃபெரிட்டின்."

என்ன அழகான விளக்கம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மடச்சி.

19 ஜூன்

மெட்ராஸிலிருந்து முடிவு வந்தது. கலெக்டருக்கு ஃபெரிட்டின் எக்கச்சக்கம். உள்ளே நோய் முற்றினாலும் அது ஏறும். ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமியும் தெரிந்ததாம். "இரும்பு ரொம்ப ஏறிப்போச்சு அண்ணே!" என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் காத்துக் கருப்பு அண்டாமலிருக்க மடியில் இரும்புத் துண்டு வைத்துக்கொள்வார்கள். இந்த ஊரிலேயே பிறந்துவிட்டு அதை எப்படி மறந்தேன்?

20 ஜூன்

மடி இரும்புக்குப் பதிலாகக் கலெக்டரையே படகில் ஏற்றிவிட்டார்கள். நடக்க முடியாததால் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

21 ஜூன்

மாத்திரையோடு கரையில் நின்றேன். அண்ணன் ஒப்பவில்லை.

"மருந்து குடுத்தா இரும்பு கொறஞ்சிடும்னு நீயே சொல்றியே!"

"அது சீக்கு அண்ணே! படுத்தே கெடக்குது பாருங்க!"

"உள்ள அம்மாம் இரும்பு கீதே, கனக்காதா? அதான் படுத்துக்கினு கீது."

அவர் மனைவி ராஜம்மா அக்கா வேறு நாய்க்குக் குங்குமம் வைத்துவிட்டாள். கலெக்டருக்கு ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு. இப்படியே விட்டா செத்துடும் — நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா?

22 ஜூன்

பொய் சொன்னேன்.

"இரும்பு இருக்குது அண்ணே. ஆனா துருப்பிடிச்சிருக்கு."

உப்புக்காற்றில் வாழ்கிற மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "ஐயையோ, ஓட்டை விழுந்துடுமே!" என்று அவரே நாயின் வாயைப் பிளந்து பிடித்தார். பேராசிரியர் காதுக்குப் போனால் என் பட்டம் போச்சு. போகட்டும்.

27 ஜூன்

கலெக்டர் மடவை மீன் தலை சாப்பிட்டார்!

10 ஜூலை

காலையில் வாசலில் ராஜம்மா அக்கா. தலையில் துருவேறிய நங்கூரம். தொப்பென்று இறக்கிவைத்தாள்.

"கலெக்டருக்குக் குடுத்தியே, அந்த மாத்திரையில ரெண்டு குடு."

"அது நாய்க்கு, அக்கா!"

"நாய்க்குள்ள இருந்தா ஒரு துரு, நங்கூரத்துல இருந்தா வேற துருவா? இன்னாம்மா படிச்சே நீ?"

அவள் பின்னாலேயே ஓடிவந்த கலெக்டர், நங்கூரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, நிதானமாகக் காலைத் தூக்கினார்.